அக்கா அனுப்பிய கடிதங்கள்

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. அக்கா மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போனோம். போன காரியம் இவ்வளவுதான். திரும்பி வரும்போது, இருபத்தொரு வருடமாக ஒரு தப்பும் செய்யாதவள் என்று ஊரே சொன்ன என் அக்கா, பேயறைந்த மாதிரி பேருந்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இயற்பியலில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் இயற்பியல் துறையில் அவளுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எந்தப் பேராசிரியர் எந்த அலமாரிச் சாவியைத் தொலைத்தார், எந்த ஆய்வுக்கூடத்தில் குழாய் ஒழுகுகிறது, எந்த மாணவன் மூன்றாம் முறையாக அதே தேர்வை எழுதப் போகிறான், எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மூன்றாம் மாடியில், நீண்ட வராந்தாவின் கோடியில் அவள் அறை. முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறப்பு. மாணவர்கள் குனிந்துதான் அவளோடு பேசவேண்டும். அந்தக் கட்டடத்து லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் கம்பெனி. நான் அதில் பழுதுபார்ப்பவன். மாதம் ஒருமுறை போகும்போது அக்கா அறையில் தேநீர் குடித்துவிட்டு, அவள் ராஜ்ஜியத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன்.

"பெரிய சிம்மாசனம்தான்" என்று கிண்டல் செய்தால், "கயித்துல தொங்கறவனுக்கு என்னடா தெரியும்?" என்பாள்.

அவளுடைய பெருமை ஒன்று உண்டு. அதுதான் இந்தக் கதையே. இளநிலை முடித்து ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒரு வகுப்பில் இருநூற்று எண்பது பேர் இருக்கிற இடத்தில் பேராசிரியருக்கு யார் முகம் ஞாபகம் இருக்கும்? கடைசித் தேதி நெருங்கும். பிள்ளைகள் அந்தத் திறப்புக்கு முன்னால் குனிந்து நின்று கண்கலங்குவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், எதற்கும் நிற்க நேரமில்லாத ஒரு பேராசிரியர் (அக்கா வைத்த பெயர் 'அவசரம் சார்') பெட்டியும் கையுமாகக் கிளம்பும்போது, "நீங்களே நாலு வரி போட்டு வையுங்கம்மா, வந்து கையெழுத்துப் போடறேன்" என்றார். அக்கா அகராதியை வைத்துக்கொண்டு முழு நாள் உட்கார்ந்து எழுதினாள். அவர் வந்து படித்துவிட்டு, "என்னைவிட நல்லா எழுதறீங்களே!" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் நான்கு பேராசிரியர்கள். அதற்கடுத்த வருடம் துறையே அவளிடம் வந்தது.

அதை அவள் சேவையாகத்தான் செய்தாள். ஒரு கடிதம்கூட ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை குறைத்து எழுதியதில்லை. "பாவம்டா, எல்லாம் பெத்தவங்க கனவு. நம்ம கையால கெட்டது போகக்கூடாது" என்பாள். அவள் சொந்தமாக உருவாக்கிய ஒரு வரி இருந்தது. இரண்டு நாள் யோசித்து எழுதியதாம். எனக்கே வாசித்துக் காட்டியிருக்கிறாள்: 'இவர் கேட்கும் கேள்விகளே இவர் யாரென்று சொல்லிவிடும்.' எந்தப் பிள்ளைக்கு எழுதினாலும் இந்த வரியை விடமாட்டாள். அதை வைத்தால்தான் கடிதத்துக்குக் களை வருகிறது என்பாள்.

அவள் மகள்தான் எங்கள் வீட்டு வக்கீல். பதினேழு வயது. அத்தான் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பவர். ஆகவே அவளுடைய குறுக்கு விசாரணைக்கு நானும் அக்காவும்தான் கூண்டில் நிற்பது. இயற்பியல் படிக்கவேண்டும், அதோடு நிறுத்தாமல் ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு இடத்தில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று அக்காவின் பல்கலைக்கழகம். இன்னொன்று பேருந்தில் இரண்டு மணி நேரம் போகவேண்டிய, யாரும் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரி. திங்கட்கிழமை நண்பகலுக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதப் படிவம் கொடுத்தாகவேண்டும்.

அக்காவுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. "எங்க டிபார்ட்மெண்ட்ல எண்பது பேராசிரியருங்க. அங்க எத்தனை? ஆறு! ஆறு பேரை வெச்சு ஒரு கல்யாண வேலையே பாக்க முடியாது" என்றாள். அதோடு, மகளோடு தினமும் ஒரே வராந்தாவில் நடக்கப் போகிறோம் என்ற ஆசை வேறு. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தன் அறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று கேட்டு எழுதிக்கொடுத்திருந்தாள்.

வக்கீல் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். குவாண்டம் இயக்கவியல் ஒரு பருவமா, இரண்டா? இரண்டாம் வருடத்திலேயே ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வார்களா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க டிபார்ட்மெண்ட்ல இருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வருஷம் எத்தனை பேரு போறாங்கம்மா?"

"போன வருஷம் முப்பத்தஞ்சு பேருக்கு லெட்டர் அனுப்பினேன்."

"லெட்டர் போனது சரி. ஆள் எத்தனை போனாங்க?"

அக்கா வாய்வரைக்கும் கொண்டுபோன கையை நிறுத்தினாள். "அது... கிடைச்சவங்க வந்து சொல்லணும்ல? யாரும் வந்து சொல்றதில்ல. சந்தோஷத்துல மறந்துருவாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சின்னக் கல்லூரியைப் பார்க்கப் போனதே வக்கீலின் வாய்க்குப் பயந்துதான். பார்க்காமல் வேண்டாம் என்று சொன்னால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். வெள்ளிக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். கட்டடம் பார்ப்பதற்குக் கிடங்கு மாதிரி இருந்தது. லிஃப்டே இல்லை. "உனக்கு இங்க வேலையே இல்லடா" என்று அக்கா என் காதில் சொல்லிச் சிரித்தாள். அவள் மனம் விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் படிக்கட்டில்தான்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு வெற்றிடப் பம்பு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வருட மாணவி ஒருத்தி, கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கம்பியை மாட்டிக்கொண்டிருந்தாள். துறைத்தலைவி வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. வக்கீல் நோட்டைத் திறந்து விசாரணையை ஆரம்பித்தாள். ஒரு வகுப்பில் இருபது பேர். குவாண்டம் இரண்டு பருவம். ஆராய்ச்சியா? "இதோ, கிரீஸோட நிக்கிறாளே, அவளைக் கேளு" என்றார் அம்மையார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தன் துருப்புச் சீட்டை இறக்கினாள். தான் எங்கே வேலை செய்கிறோம் என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

"மேடம், மேற்படிப்புக்குப் போற பிள்ளைங்களுக்கு லெட்டரெல்லாம் இங்க யாரு போட்டுக் குடுக்கறாங்க? தனியா ஆள் இருக்காங்களா?"

"தனி ஆளா? நாங்கதான் எழுதறோம். ஒரு பிள்ளைக்கு எழுத எனக்கு ரெண்டு நாள் ஆயிடும்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இரண்டு நாளா! அவளுக்குப் பத்து நிமிடம் போதும்.

"லெட்டர் அவ்வளவு முக்கியமா மேடம்? மார்க்தானே பாப்பாங்க?" என்றாள் வக்கீல்.

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல, ஆள் எடுக்கற குழுவுல இருந்தேன். முந்நூறு விண்ணப்பம் வரும், பன்னண்டு இடம். இந்தப் பிள்ளையைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க என்ன சொல்றாங்கன்னு லெட்டரைத்தான் முதல்ல பிரிப்போம்." அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஏதோ ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பெரிய யூனிவர்சிட்டி, பேரு வேண்டாம். அங்கிருந்து வர்ற லெட்டர் எல்லாத்துலயும் ஒரே வரி. எங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. சாயங்காலம் எல்லாரும் களைச்சுப்போய் உக்காந்திருப்போம், யாராவது பாதியைச் சொல்லுவாங்க, மிச்சத்தை நாங்க சேந்து சொல்லுவோம். 'இவர் கேட்கும் கேள்விகளே இவர் யாரென்று சொல்லிவிடும்!'"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவைப் பார்க்கத் திரும்பினேன், பார்க்கவும் பயமாக இருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அம்மையார் அதைக் கவனிக்கவில்லை.

"எல்லாப் பிள்ளையும் பிரமாதமா கேள்வி கேக்குதாம். என்ன கேட்டுச்சுன்னு ஒரு லெட்டர்லயாவது இருக்கணுமே? கிடையாது! ஒரே பிள்ளைக்கு மூணு லெட்டர் வரும், மூணுலயும் அதே வரி. மூணு பேராசிரியர் கையெழுத்து, எழுதினது ஒரே ஆள். யாரோ கிளார்க்காத்தான் இருக்கணும்."

"அந்த விண்ணப்பத்தையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"என்ன பண்றது? தனியா எடுத்து வெச்சிருவோம். அதுல நிஜமாவே கெட்டிக்காரப் பிள்ளைங்க இருந்திருக்கும். எனக்கே உறுத்தும். ஆனா எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. அதன்பிறகு வக்கீல் கேட்டதும் அவர் சொன்னதும் என் மண்டையில் ஏறவில்லை. திரும்பும் பேருந்தில் வக்கீல் கம்பியில் சாய்ந்தபடி நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். அம்மா கடிதங்களைத் தட்டச்சு செய்வது அவளுக்குத் தெரியும்; எழுதுவதே அம்மாதான் என்பது தெரியாது. "சூப்பரா பேசினாங்கல்ல மாமா? ஆனா பாவம், அந்த யூனிவர்சிட்டிப் பிள்ளைங்க. எவ்வளவு மோசமான இடமா இருந்தா இப்படிப் பண்ணுவாங்க?" என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சமையலறையில் என்னை மறித்தாள். "தம்பி, அவங்க சொன்னது எங்க டிபார்ட்மெண்ட்டைத்தானா? வேற யாரும் அதே வரியை எழுதியிருக்க மாட்டாங்களா?"

பொய் சொல்லியிருப்பேன். வரவில்லை. "ரெண்டு நாள் யோசிச்சு நீ எழுதின வரி அக்கா அது" என்றேன்.

"நான் நல்லதுதானடா எழுதினேன்? ஒருத்தரைப் பத்தியும் கெட்டதா ஒரு வார்த்தை..." பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பதினெட்டு வருஷம். எத்தனை பிள்ளைங்கடா இருக்கும்?"

"எண்ணாத" என்றேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையெழுத்துப் போட்ட அத்தனை பேர் மீதும் வந்தது. படிக்காமல் போட்டார்கள், படித்தவர்கள் பாராட்டிவிட்டுப் போட்டார்கள். இவளை ஒருவராவது நிறுத்தி, "அம்மா, இதை நாங்கள்தான் எழுதவேண்டும்" என்று சொல்லக்கூடாதா? சொல்ல அவர்களுக்கு என்ன கேடு? திங்கட்கிழமை போய் அந்த லிஃப்டுகளை நிறுத்திவிட்டு எண்பது பேரையும் படியேற விடலாமா என்றுகூட யோசித்தேன். அது என் கையாலாகாத கோபம். அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை வக்கீல் இரண்டு படிவங்களையும் மேசைமேல் வைத்தாள். "எனக்கு அந்தச் சின்னக் காலேஜ்தான் பிடிச்சிருக்கு. ஆனா உன் ஆசையை மீறிப் போக மனசு வரல. நீயே சொல்லும்மா. நீ அங்க வான்னா வர்றேன்."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அக்கா ஒரு வருடமாகக் காத்திருந்தாள். இப்போது வந்து என்ன? "என்னைக் கேக்காத. எங்க டிபார்ட்மெண்ட்ல படிச்ச ஒருத்தியைக் கேளு, வா" என்று செருப்பை மாட்டினாள். படிவங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வக்கீலும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

கடைத்தெரு முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே வேலை செய்கிற பெண்ணை எனக்கும் தெரியும். மாணவியாக இருந்தபோது வெயிலோ மழையோ குடையில்லாமல் வரமாட்டாள், 'குடைக்காரி' என்போம். அக்காவின் அறையில் உட்கார்ந்து, அக்காவின் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டு, ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றிலும் எடுக்கவில்லை. அக்கா அவளைத் தட்டிக்கொடுத்து, "உனக்கு நேரம் சரியில்லம்மா" என்று அனுப்பிவைத்தாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. எங்களைப் பார்த்ததும் குடைக்காரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஆன்டி! உக்காருங்க! இதான் உங்க பொண்ணா?" ஒரு கண்ணாடியின் காதுக்கம்பியில் குட்டித் திருகாணி பொருத்திக்கொண்டே வக்கீலின் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். வகுப்பில் இருநூற்று எண்பது பேர். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவிக்குப் பத்துப் பேர். எட்டுப் பேர் வேடிக்கை பார்க்கவேண்டும். "மூணு வருஷத்துல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆளு உங்க அம்மாதான். எந்த சாருக்கும் என்னைத் தெரியாது."

வக்கீல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். வக்கீல் பையிலிருந்து சின்னக் கல்லூரியின் படிவத்தை எடுத்து, கடைக் கண்ணாடி மேசைமேல் வைத்து எழுத ஆரம்பித்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அக்கா போட்டுக்கொடுத்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. கிளம்பலாம் என்று நான் எழுந்தும் விட்டேன்.

அப்போது குடைக்காரி சொன்னாள்: "ஆனா யூனிவர்சிட்டியை மட்டும் குறை சொல்லக்கூடாதுப்பா. எனக்கு லெட்டரெல்லாம் நல்லாத்தான் போச்சு, ஆன்டியே சொன்னாங்க. அப்படியும் பதினெட்டு தடவை வேண்டாம்னுட்டாங்கன்னா, எனக்கே அவ்வளவுதான் சரக்குன்னு அர்த்தம். அதை ஏத்துக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு."

"இல்ல" என்றாள் அக்கா. குரல் கடை முழுக்கக் கேட்டது. "உனக்குச் சரக்கு இல்லாம இல்ல. அந்த லெட்டரை எந்த சாரும் எழுதல. நான் எழுதினேன். எல்லாருக்கும் எழுதின மாதிரியே எழுதினேன். அதைப் படிச்சவங்க சிரிச்சுட்டு ஓரமா வெச்சுட்டாங்க. நேத்துதான் எனக்குத் தெரியும்."

படிவத்தை மடித்துக்கொண்டிருந்த வக்கீல் நிமிர்ந்தாள். அம்மாவை அவள் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

குடைக்காரி திருகாணியைக் கீழே வைத்தாள். "மூணு லெட்டருமா ஆன்டி?"

"மூணும்."

"ரெண்டு வருஷமும்?"

"ரெண்டு வருஷமும்தான்மா."

பிறகு குடைக்காரி மெதுவாகக் கேட்டாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு என்னைத் தெரியுமே ஆன்டி. நான் உங்க ரூம்லதானே கெடந்தேன். நான் என்ன பண்ணேன்னு ஞாபகம் இல்லையா?"

"இல்லாம என்ன?" அக்கா மூச்சுவிடாமல் சொன்னாள். "என் ரூம் ஃபேனை நிறுத்தினா, நிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போயி நிக்கும். அது ஏன்னு கேட்ட. யாரும் பதில் சொல்லல. மாடி முழுக்க முப்பத்திரண்டு ஃபேனையும் போட்டு நிறுத்தி, ஒவ்வொண்ணும் எவ்வளவு பின்னால போகுதுன்னு ஏணி போட்டு அளந்த. நான்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். அதுல நாலு ஃபேன் மட்டும் பின்னால போகலன்னு, அதைக் கழட்டிப் பாக்க அனுமதி கேட்டு எழுதின. குடுக்கல. நீ வீட்டு ஃபேனைக் கழட்டி அடி வாங்கின. இறக்கை கனத்துல இருக்கற வித்தியாசம்னு கண்டுபிடிச்சு, ஒரு காசை ஒட்டவெச்சு, பின்னால போறதை நிறுத்தியும் காட்டின. எல்லாம் ஞாபகம் இருக்கும்மா."

"அதுல ஒண்ணாவது எழுதியிருக்கலாமே ஆன்டி?"

அக்காவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "பேராசிரியர் பேருல போற லெட்டர். அதுல போயி ஃபேனு, ஏணின்னு எழுதினா மரியாதையா இருக்காதுன்னு நினைச்சேன்மா."

குடைக்காரி மேசையில் கிடந்த கண்ணாடித் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வக்கீல் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். அம்மா பக்கம் வரவில்லை.

"இப்ப எழுதித் தரேன்" என்றாள் அக்கா. "இன்னிக்கே உக்காந்து, ஒண்ணு விடாம எழுதித் தரேன். மறுபடி ஒரு தடவை போட்டுப் பாரும்மா."

குடைக்காரி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"யாரு பேருல ஆன்டி?"